புழு சாப்பிடுதா

தம்பி: அதெல்லாம் இருக்கட்டும். புழு சாப்பிடுதா, அதைச் சொல்லு.

அக்கா: வந்ததும் வராததுமா புழு. அக்கா பஸ்ல நின்னுகிட்டே வந்தாளே, உட்காரச் சொல்லுவோம்னு உண்டா உனக்கு?

தம்பி: உட்காரேன். கட்டில்ல பாதி சும்மாதானே கிடக்கு. இடுப்புக்குக் கீழ யார் உட்கார்ந்தாலும் எனக்குத் தெரியப்போறதில்ல.

அக்கா: வாயைக் கழுவுடா.

தம்பி: சரி... புழு?

அக்கா: சாப்பிடுது, சாப்பிடுது. போதுமா?

தம்பி: எல்லாமா?

அக்கா: எல்லாமேதான். புழு இருக்கற பையோட அடியில ஒரே புழுக்கை. காலையில போய் அதையெல்லாம் கொட்டிச் சுத்தம் பண்றதுக்குள்ள எனக்கு இடுப்பு ஒடி...

தம்பி: சொல்லு. ஏன் நிறுத்திட்டே?

அக்கா: வாய் தவறிடுச்சுடா.

தம்பி: பரவால்ல. அங்க நீ புழுவைப் பையில போட்டு வரிசையா தொங்கவிட்டிருக்கே. இங்க என் மூத்திரத்தைப் பையில பிடிச்சுக் கட்டில்ல தொங்கவிட்டிருக்காங்க. தினமும் வந்து எவ்வளவுன்னு பார்த்துட்டுப் போறாங்க. உன்னை மாதிரியேதான்.

நர்ஸ்: கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா. இவரைப் பக்கம் மாத்திப் படுக்கவைக்கணும், இல்லன்னா முதுகு புண்ணாயிடும்... ஆமா, கேக்கணும்னே இருந்தேன். புழுவுக்கு இலை பறிக்கவா அவ்வளவு பெரிய மரத்துல ஏறினீங்க?

தம்பி: அதான் எங்க வேலை சிஸ்டர். காட்டுல எந்தப் புழு எந்த இலையைத் திங்குது, வளர்ந்து என்ன பூச்சியா மாறுதுன்னு பார்க்கணும். அக்கா வளர்ப்பா. நான் ஏறுவேன்... ஏறினேன்.

அக்கா: ஏறுவான் சிஸ்டர். இன்னும் ஏறுவான்.

நர்ஸ்: என்ன சார் இது, குதிகால் கம்பியில உரசி ரத்தம் வந்து காஞ்சே போயிருக்கு. கூப்பிடக் கூடாதா?

தம்பி: யாரோட குதிகால்?

நர்ஸ்: ...இருங்க, பஞ்சு எடுத்துட்டு வரேன்.

தம்பி: அழாதே. அவங்க திரும்பி வந்துடுவாங்க.

அக்கா: யார் அழறா? பஸ்ல தூசி. மழைக்காலம் முடியறதுக்குள்ள கால்ல உணர்ச்சி வந்துடும்னு டாக்டரே சொல்லியிருக்கார்.

தம்பி: எங்கிட்ட சொல்லலையே. உன்னைத்தானே தனியா வெளிய கூப்பிட்டுப் பேசினார்.

அக்கா: எங்கிட்ட சொன்னா என்ன, உங்கிட்ட சொன்னா என்ன? கால் வந்துடும். மெதுவா வரும், ஆனா வந்துடும்.

தம்பி: ம்... தோல் உரிச்சுதா?

அக்கா: எது?

தம்பி: புழுதான்க்கா. பச்சையா, முதுகுல கறுப்புக் கோடு போட்டு இருந்ததே. நல்லா தின்னா இந்நேரம் தோல் உரிச்சிருக்கணுமே.

அக்கா: உரிச்சுதே. உரிச்சு... கொஞ்சம் மஞ்சளாகியிருக்கு.

தம்பி: ஒருவேளை இலை மாறிப் போயிருந்தா என்னக்கா ஆகும்?

அக்கா: ஏன் மாறணும்?

தம்பி: சும்மா கேக்கறேன். படுத்துக்கிட்டு வேற என்னத்தை யோசிக்கிறது? காட்டுல ஒவ்வொரு மரமும் தன்னைத் திங்கக் கூடாதுன்னு ஒவ்வொரு விஷத்தை வெச்சிருக்கு. ஒவ்வொரு புழுவும் ஏதோ ஒரு விஷத்துக்குத்தான் பழகியிருக்கு. மத்ததுக்கெல்லாம் விஷம், இதுக்கு அதுதான் சோறு. அந்தச் சோறு கிடைக்கலன்னா, வேற இலை மேலயே படுத்துப் பட்டினி கிடந்து...

அக்கா: எனக்கே பாடம் எடுக்கறியா? உனக்கு முன்னாடி அந்த வேலைக்குச் சேர்ந்தவ நான். காத்துல புழு உதிர்ந்தது அந்த மரத்தடியில. நீ பறிச்சது அந்த மரத்து இலை. அதைத்தான் திங்குது. நம்பமாட்டியே நீ... இந்தா, உனக்காகவே எடுத்துட்டு வந்தேன். உன் புழு கடிச்ச இலை.

தம்பி: ஜன்னல் பக்கமா தூக்கிப் பிடி... ம்.

அக்கா: பார்த்தியா, ஓரமெல்லாம் எப்படிக் கடிச்சிருக்கு.

தம்பி: அழகா கடிச்சிருக்கு. ஒவ்வொரு கடியும் ஒரே அளவு.

அக்கா: நல்ல பசி போல.

தம்பி: நகவெட்டி உன் பையிலயே இருக்கா, வீட்டுல வெச்சுட்டு வந்துட்டியா?

அக்கா: பார்த்தாச்சுல்ல, இலையை உள்ள வெச்சுடறேன்.

தம்பி: எப்போக்கா செத்துச்சு?

அக்கா: தொடவே இல்லடா. தளிர் இலையா பார்த்துப் போட்டேன். அது மேல ஏறுது, இறங்குது, பையையே சுத்திச் சுத்தி வருது... வாயை மட்டும் வைக்கல. நீ ஆபரேஷன்ல இருந்தப்பவே பாதி போயிடுச்சு. நீ கண்ணு முழிச்ச அன்னிக்கு மிச்சமும். அந்த இலைக்காகத்தானே நீ விழுந்தே? அது தப்பான இலைன்னு நான் எந்த முகத்தை வெச்சுகிட்டுச் சொல்றது?

தம்பி: நான் அந்த இலைக்காக விழல.

அக்கா: என்னடா சொல்றே?

தம்பி: பறிச்சதைப் பையோட கயித்துல இறக்கிட்டேனே, அப்புறம்தான் பார்த்தேன். அந்த மரத்துல ஒரு இலைகூடக் கடிபடல. உச்சியில ஒரு கொடி படர்ந்திருந்துச்சு. கீழேருந்து பார்த்தா நமக்கு எல்லாம் ஒரே பச்சை. கொடியோட இலை மட்டும்தான் கடிபட்டுக் கிடந்துச்சு. புழு முதல்ல நடு நரம்பைக் கடிச்சு அந்த விஷப்பாலை வடியவிட்டிருக்கு, அப்புறம் நுனியைத் தின்னிருக்கு. என்னமா வேலை பண்ணியிருக்குன்னு பார்த்துகிட்டே கை நீட்டினேன். எட்டல. கயித்துல மாட்டியிருந்த இடுப்புக் கொக்கியைக் கழட்டிட்டுக் கொஞ்சம் சாஞ்சேன்... முழிச்சா இந்தக் கட்டில். அதுக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சிருக்கும்னு தெரியும்.

அக்கா: தெரிஞ்சுகிட்டேவா தினமும் சாப்பிடுதா, சாப்பிடுதான்னு என் உயிரை எடுத்தே? ஏன்டா... எதுக்குடா கேட்டே?

தம்பி: நீ என்ன சொல்றேன்னு பார்க்கத்தான்க்கா. புழு சாப்பிடுதுன்னு சொன்னதும் நீதான். கால் வந்துடும்னு சொல்றதும் நீதானே.