மனஸ்தாபம் என்னும் ஒரு சொல்

மேடைக்கு நடுநாயகமாய் வீற்றிருக்கும் தலைவர், எங்கள் பங்குச் சாமியார் அவர்களே! அவருக்கு வலப்புறம் அமர்ந்து என் ஒவ்வொரு சொல்லையும் உரசிப் பார்க்கும் ஊர்ப் பெரியவர்களே! கடலோடு மல்லுக்கட்டிக் கைகாய்த்த காளையரே! முக்காட்டுக்குள் செபமாலையும், செபமாலையோடு ஊர்ச்செய்தியும் உருட்டும் தாய்மாரே! பாம்பனிலிருந்து ரயிலேறி வந்து, முன்வரிசையில் பட்டும் படாமலும் உட்கார்ந்திருக்கும் சம்பந்தி வீட்டாரே! தங்கச்சிமடம் மாதா சபைக் காரியதரிசி மரியசூசையின் தலைதாழ்ந்த தோத்திரம்!

பாவமும் மன்னிப்பும் பற்றிப் பத்து நிமிடம் பேசு என்றார் சாமியார். பேசுகிறேன். ஆனால் பேசுகிறவனை நம்பிவிடாதீர்கள். கடைசிவரை ஒரு கண் என்மேல் இருக்கட்டும்.

நம் செபப் புத்தகத்தில் மனஸ்தாபம் என்றால் என்ன? செய்த பாவத்துக்காகச் சிந்தை கலங்கி அழுவது. நம் கடற்கரையில் மனஸ்தாபம் என்றால் என்ன? அடுத்த வீட்டுக்காரனோடு பேச்சை முறித்துக்கொள்வது! போன தவக்காலத்தில், "எல்லாருக்கும் மனஸ்தாபம் இருக்கிறதா?" என்று சாமியார் பிரசங்கத்தில் கேட்டார். பின்வரிசையிலிருந்து நம் இன்னாசி எழுந்தார். "அதுக்கென்ன சாமி கொறச்சல்? இந்தப் பக்கத்து வீட்டு அடைக்கலத்தோட மட்டும் அஞ்சு வருசமா இருக்கு!"

சிரிக்கிறீர்கள். அன்றும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில்தான் ஒரு குடும்பம் சிக்கியது.

ஆடித் திருவிழா அன்று, வடகடலில் இன்னாசி விட்டிருந்த வலை அறுபட்டுக் கிடந்தது. பாறை கிழித்ததா? இல்லை. மீன் கடித்ததா? இல்லை. கத்தி பாய்ந்த வெட்டு! யார் வெட்டியது? ஊர் ஒரு நாழிகை யோசித்ததா? "அடைக்கலத்தத் தவிர வேற எவன்?" என்றது. அவர்களுக்குள்தான் மனஸ்தாபம் இருக்கிறதே!

சாட்சி வேண்டாமா? அதுவும் கிடைத்தது. மாத முதல் வெள்ளிக்கு முந்தைய நாள், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம். நம் கோயிலில் ஒரு பழக்கம் உண்டு. யார் எவ்வளவு நேரம் முழந்தாளிடுகிறார் என்று செபமாலை மணியில் எண்ணுவோம். இல்லை என்பீர்களா? அதோ, ஓர் அம்மா முக்காட்டை இழுத்துக்கொள்கிறார். அது போதும் எனக்கு! பத்து மணி என்றால் சில்லறைப் பாவம். இருபது என்றால் சங்கதி இருக்கிறது. அன்று அடைக்கலம் முழந்தாளிட்டார். செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் உருண்டு தீர்ந்தது, அவர் எழவில்லை. எழுந்தபோது கண் சிவந்திருந்தது.

"பாத்தியளா! வலையறுத்த பாவம் அம்புட்டு லேசுல வெளிய வருமா?"

கோயில் படி இறங்குமுன் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. அடைக்கலத்தின் மகள் மிக்கேலம்மாளின் கல்யாண ஓலை இரண்டு ஞாயிறு கோயிலில் வாசித்தாகிவிட்டது. நாளை மூன்றாவது, கடைசி ஓலை; ஆட்சேபம் உள்ளவர் அப்போது சொல்லலாம். அதை வாசிக்கும்போது எழுந்து, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் பாம்பன்காரர்கள் வந்திருக்கிறார்கள். மறைப்பானேன்? அடைக்கலம் அதோ, கடைசித் தென்னையடியில் நிற்கிறார். பாயில் அவருக்கு ஒருவரும் இடம் விடவில்லை.

சந்தேகப்படுங்கள். நான் தடுக்கவில்லை. ஆனால் சரியான ஆளைச் சந்தேகப்பட்டீர்களா? அதே நாள், அதே இடத்தில், நான்கே மணி உருள்வதற்குள் எழுந்து வந்தவன் ஒருவன் உண்டு. எண்ணினீர்களே தாய்மாரே, யார் அது?

"நீங்கதேன்!" என்கிறது ஒரு குரல். நல்ல ஞாபகம், தாயே. நான்தான். "காரியதரிசிக்குப் பாவமே கெடையாது" என்று மெச்சினீர்கள். ஐம்பத்து மூன்று மணியைச் சந்தேகித்தவர்களே! இந்த நான்கு மணியை ஏன் சந்தேகிக்கவில்லை?

வலையை வெட்டியவன் நான்.

உட்காருங்கள்! இன்னாசியைப் பிடிக்காதீர்கள், வரட்டும். அன்று என் வள்ளத்து நங்கூரம் அவர் வலையில் மாட்டிக்கொண்டது. பொறுமையாய்ப் பிரித்தால் ஒரு மணி நேரம். கரையில் புனிதரின் சப்பரம் புறப்படப் போகிறது, அதன் முன்கொம்பைத் தாங்கும் முறை எனக்கு. அர்ச்சியசிஷ்டரைத் தோளில் சுமக்கும் அவசரத்தில் அயலான் பிழைப்பை அறுத்தேன்! பூசைக்குப் பிந்தி வந்ததையும் வாய்தவறித் திட்டியதையும் சாமியாரிடம் சொன்னேன். வலையை மட்டும் சொல்லாமல் விழுங்கினேன். வெளியே வந்து அடைக்கலத்துக்கு மணி எண்ணியவனும் நானே. "அம்பத்து மூணு தாண்டிருச்சு" என்று முதலில் சொன்ன வாய் இந்த வாய்!

அடைக்கலம் என்ன சொல்லி அழுதார்? எனக்குத் தெரியாது. சாமியாருக்குத் தெரியும், சொல்லமாட்டார். அது அவருக்கும் சர்வேசுரனுக்கும் உள்ளது. ஒன்று மட்டும் தெரியும். புத்தகத்து மனஸ்தாபம் அவரிடம் இருந்தது, கடற்கரை மனஸ்தாபம் நம்மிடம் இருந்தது.

கைதட்டாதீர்கள்! மேடையில் அழுகிறவன் மன்னிப்புக்கு அழுகிறானா, பேருக்கு அழுகிறானா? எனக்கே என்மேல் சந்தேகம். அதனால்தான் வலை ஊசியும் நூலும் மடியில் கொண்டு வந்தேன். இதோ! இன்னாசி அண்ணே, உங்க வலை முடியிறவரைக்கும் நான் கடலுக்குப் போகல. அடைக்கலம் அண்ணே, இங்கன வாங்க. மேடையில என் நாற்காலி காலியா இருக்கு. நீங்க ஒக்காராம இந்தக் கூட்டம் கலையக்கூடாது. சம்பந்தி வீட்டாரே, நாளைக் காலை ஓலை வாசிக்கும்போது தலைகுனிய வேண்டியவன் நான், பெண்ணைப் பெற்றவர் அல்ல.

சர்வேசுரன் மன்னிப்பாரா? மன்னிப்பார் என்று உங்களுக்கு எத்தனை முறை பிரசங்கம் செய்தேன்! இப்போது அதே கேள்வியை நானே கேட்டு நிற்கிறேன்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், பொறுக்காமல் எழுந்த இளைஞர்க்கும் நன்றி. தலைவர் அவர்களே, கூட்டம் முடிந்ததும் தங்கள்முன் முழந்தாளிட வருகிறேன். எவ்வளவு நேரம் ஆகுமோ தெரியாது. தாய்மாரே, வழக்கம்போல் எண்ணுங்கள்! ஆனால் இந்தத் தடவை ஒவ்வொரு மணிக்கும் எனக்காக மாதாவிடம் ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லி எண்ணுங்கள். எனக்கு அது வேண்டும். சேசுவுக்குத் தோத்திரம்!