பிரேக்கில் பழுது இல்லை

திங்கட்கிழமை காலைகளில் காப்பியை வாயில் வைக்கும் முன்பே கைப்பேசியைத்தான் பார்ப்பேன். என் மதிப்பெண் வந்திருக்கும். வாரத்துக்கு வாரம் அது குறைந்துகொண்டே போனது. ஏன் குறைகிறது என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. நான் வேகமாகப் போவதில்லை. சிவப்பு விளக்கைத் தாண்டுவதில்லை. ஓட்டும்போது போனைத் தொடுவதே இல்லை. லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில். ஓர் இயந்திரம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று கண்டுபிடிக்காதவரை எனக்குச் சோறு இறங்காது.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் பிரேக்கைப் பற்றிக் கேட்டீர்கள். சாலையில் டயர் தேய்ந்த தடமே இல்லை என்பதால், பிரேக் பிடிக்கவில்லை என்று முடிவு செய்து, போன வாரம் என் காரைப் பார்த்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு வைத்திருக்கிறீர்கள். வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருக்கிறார். அவர் நல்ல வேலைக்காரர். அவருக்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் என் காரில் இருக்கும் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் பிரேக்கைப் பற்றி மட்டும் சொன்னால் பாதிதான் விளங்கும்.

ஒரு சைக்கிள்காரர் விஷயத்தில் என் லைசென்ஸை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர் இப்போது நடமாடுகிறார், கம்பு ஊன்றிக்கொண்டு. தடைக்காலம் முடிந்ததும் வகுப்பில் உட்கார்ந்து, தேர்வு எழுதி, லைசென்ஸைத் திரும்ப வாங்கினேன். அதோடு தொல்லை விட்டது என்று நினைத்தேன். பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். லைசென்ஸ் என்பது, நீ ஓட்டலாம் என்று அரசாங்கம் சொல்வது. இன்ஷூரன்ஸ் என்பது, நீ இடித்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு கம்பெனி சொல்வது. அரசாங்கம் மறந்துவிட்டது என்பதற்காகக் கம்பெனியும் மறக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஒவ்வொரு கம்பெனியாகக் கூப்பிட்டேன். எல்லோரும் மரியாதையாகவே கைவிரித்தார்கள். ஒரு ஏஜென்ட் பெண் மட்டும் மனம் விட்டுப் பேசினாள்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பேரை அடிச்சதுமே எங்க கம்ப்யூட்டர் மூஞ்சியைத் திருப்பிக்குது.”

“கம்ப்யூட்டருக்கு ஏதும்மா மூஞ்சி?”

“உங்களைப் பாத்தா முளைச்சிடுது சார்.”

அவள்தான் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். காரில் ஒரு சிறிய பெட்டியைப் பொருத்துவார்கள். நான் எப்படி ஓட்டுகிறேன் என்று அது வாராவாரம் மதிப்பெண் போடும். மதிப்பெண் ஓர் அளவுக்குக் கீழே போனால் பாலிசி ரத்து. ஒருமுறை ரத்தானால் பிறகு எவரும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். இன்ஷூரன்ஸ் இல்லாமல் காரை எடுக்க முடியாது. கார் இல்லாமல் எனக்கு வேலை இல்லை. எங்கள் மேனேஜர் அதை முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்: “கார் இல்லன்னா உன்னை வெச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்றது? மோட்டாரைத் தலைல தூக்கிட்டா போவ?”

அந்தப் பெட்டி ஓர் அழகான வேலைப்பாடு. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன எடை, மயிரிழை போன்ற ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. கார் வேகம் குறைந்தால் அந்த எடை முன்னால் சாய்கிறது. எவ்வளவு சாய்ந்தது, எவ்வளவு நேரம் சாய்ந்தே இருந்தது என்று பெட்டி கணக்கிடுகிறது. லிஃப்ட் கீழே கிளம்பும்போது உங்கள் வயிற்றுக்குள் ஏதோ நழுவுமே, அதே சங்கதிதான்.

எங்கே மதிப்பெண் போகிறது என்று அது சொல்லாது. நானேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் மாலை வேலை மட்டும் வாங்கிக்கொண்டேன், மதிப்பெண் ஏறியது. ஆகவே காலையில்தான் கோளாறு. காலையில் என் வழியில் இருப்பது ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தின் முன்னால் இருப்பவர் பலகையக்கா.

அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மஞ்சள் கோட்டு, கம்பில் மாட்டிய வட்டப் பலகை. பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பது அவர் வேலை. வண்டி வருகிறதா என்று பார்க்க மாட்டார். பலகையை உயர்த்திக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிவிடுவார். நான் பிரேக்கில் ஏறி நிற்பேன். அந்த இடத்தில்தான் தினமும் என் மதிப்பெண் போயிருக்கிறது.

ஒருநாள் காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பணிவாகவே கேட்டேன்.

“அக்கா, இறங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை வண்டியைப் பாத்துட்டு இறங்கலாமே?”

“நான் ஏன்பா பாக்கணும்? பாக்கறது உன் வேலை. அதுக்குத்தானே பலகையை இவ்ளோ பெருசா செஞ்சு குடுத்திருக்காங்க.”

“நீங்க திடீர்னு வந்தா நான் திடீர்னு மிதிக்க வேண்டியிருக்கு. எனக்கு மார்க் போகுது.”

“மார்க்கா? இந்த வயசுலயா? எந்த கிளாஸ் படிக்கிற?”

“அங்கிள் ஃபெயிலாம்!” என்று ஒரு சிறுமி கத்தினாள். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். பலகையக்காவும் சிரித்தார். நான் கோபப்படவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சொன்னேன். என் மனைவிக்கு ஏற்கெனவே இந்தப் பெட்டிப் பேச்சு கசந்துபோயிருந்தது. “அதையே கட்டிக்கிட்டிருக்கலாமே நீங்க,” என்றாள். பிறகு, “ஸ்கூல் வர்றதுக்கு முன்னாடியே கொஞ்சம் காலை எடுத்துடுங்களேன். மெதுவாப் போனா மெதுவா நிக்கும். அவ்ளோதானே?” என்றாள்.

பொறுமையாக விளக்கினேன். நான் போவது அங்கே அனுமதித்த வேகம். அதற்குமேல் ஒரு இழைகூடப் போவதில்லை. தவறு அவருடையது. அவர் தவறுக்கு நான் வேகத்தைக் குறைத்தால், தவறு சரியாகிவிடாது. அது அவருக்குப் பழகிவிடும். இயந்திரத்தில் எந்தப் பாகம் சரியில்லையோ அந்தப் பாகத்தைத்தான் சரி செய்ய வேண்டும்.

“சைக்கிள்காரர் விஷயத்துலயும் இதேதான் சொன்னீங்க,” என்றாள். உள்ளே போய்விட்டாள். இரண்டும் வேறு வேறு சங்கதிகள் என்று சொல்ல எனக்கு வாய்ப்புத் தரவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் புகார் சொன்னேன். பலகையக்கா வந்த பிறகு ஒரு பிள்ளைக்குக்கூட அடிபட்டதில்லை என்று பெருமையாகப் பதில் வந்தது. பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனி எச்சரித்தது. இன்னும் ஒரு வாரம் மதிப்பெண் குறைந்தால் பாலிசி போய்விடும். ஏஜென்ட் பெண்ணைக் கூப்பிட்டேன்.

“எதுக்கு மிதிச்சீங்கன்னு பெட்டிக்குத் தெரியாது சார். மிதிச்சீங்களா இல்லையா, அவ்ளோதான் அதுக்கு.”

“ஒருத்தரைக் காப்பாத்த மிதிச்சாலும்?”

“அதுக்குத் தெரியாதுங்கறேனே.”

“பள்ளத்துல விழுந்தா?”

“அதுக்கெல்லாம் பயப்படாதீங்க. ஒரு குலுக்கல், உடனே முடிஞ்சிடும். அதைப் பெட்டி கண்டுக்காது. நீண்டு போனாத்தான் மார்க் குறைக்கும்.”

அவள் மேல் பழி போடாதீர்கள். அவள் சொன்னது உண்மை. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் திறந்துகொண்டது. பல நாளாகக் கழற்றிப் போட்ட ஒரு லிஃப்ட், பட்டனைத் தொட்டதும் சத்தமில்லாமல் ஏறுமே, அப்படி இருந்தது.

கார் கனமானது. ஆள் கனம் இல்லை. மோதினால் கார் நிற்காது. ஒரு கணம் தயங்கும், அவ்வளவுதான். பெட்டிக்குள் இருக்கும் எடை ஒரு தடவை சிலிர்த்துவிட்டு நிமிர்ந்துவிடும்.

அன்று காலை எப்போதும் போகிற வேகத்தில்தான் வந்தேன். பிள்ளைகள் நடைபாதையில் கைகோத்து நின்றார்கள். ஒருவர்கூடச் சாலையில் இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். நான் பொறுப்பில்லாதவன் அல்ல. பலகையக்கா இறங்கினார். அன்று அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னதை மதித்தாரோ என்னவோ. பலகையைத்தான் இன்னும் உயர்த்தினார்.

பிறகு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, காரைத் தானாக வேகம் குறைய விட்டு, இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக நிறுத்தினேன். உங்கள் ஆட்கள் வரும்வரை அங்கேயே நின்றேன். ஆஸ்பத்திரி வாசல்வரை அவருக்கு உயிர் இருந்ததாகச் சொன்னார்கள்.

லிஃப்டில் பிரேக் எப்போதும் பிடித்தபடியே இருக்கும். மின்சாரம் வந்து அதை விடுவித்தால்தான் லிஃப்ட் நகரும். காரில் அப்படியே தலைகீழ். யாராவது மனம் வைத்தால்தான் பிரேக் பிடிக்கும். ஆகவே மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பிரேக்கில் பழுது இல்லை. பெட்டியைக் கழற்றிப் பாருங்கள். அன்று காலைப் பதிவு அதில் சுத்தமாக இருக்கும். மோதுவது ஒரு கணத்தில் முடிந்துவிடும், நிறுத்துவதுதான் நீண்டுகொண்டே போகும். அதனால் நான் பிரேக்கை மிதிக்கவில்லை.