ஆஜருக்குப் பிறகு கடுதாசி

அந்தமானில், லாங் ஐலண்டிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்த லாஞ்சுப் படகில், மரவெட்டு கேம்ப் மேஸ்திரி ஒருவரும் ஜவுளிக் கடைக்காரர் ஒருவரும் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"புதுத் துணி வந்திருக்குன்னு தமுக்கு அடிச்சாலும் ஆள் வரமாட்டேங்குது மேஸ்திரி."

"எனக்கும் அப்படித்தான் அண்ணாச்சி. மணி அடிச்சா ஒருத்தனும் எந்திரிக்கமாட்டான். அதனால மெயின்லேண்டுல இருந்து அவங்களுக்கு வர்ற கடுதாசியை எல்லாம் நானே வாங்கி வச்சுக்கிட்டேன். தினமும் ஆஜர் எடுத்ததும் ரெண்டு பேருக்கு மட்டும் குடுப்பேன். இன்னைக்கு யாருக்கோன்னு மொத்தப் பேரும் ஓடி வந்தாங்க."

"பலே!"

"அந்தோணின்னு ஒருத்தன். அவனுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசிப்பேன். 'உடம்புக்கு ரொம்ப முடியல, இந்தக் கப்பல்லயே வாங்க'ன்னு பொண்டாட்டி எழுதியிருந்தா. அவன் முறை வந்து நான் பிரிச்சப்ப, கப்பல் போய் நாலு நாளாச்சு."

கடைக்காரர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

"அடுத்த கப்பல்ல மச்சான் கடுதாசி வந்துச்சு, அவ செத்துட்டான்னு. அதை மட்டும் வச்சுக்கல. ஓடிப்போய் உடனே வாசிச்சேன்."

"அடிச்சானா உங்களை?"

"இல்ல அண்ணாச்சி. 'பழைய கடுதாசியை இன்னொரு தடவை வாசிங்க'ன்னான்."