வேன் சாவியை மாவு டிரம்மில் போட்டது குறித்து

பெயர் ஜூலி. வயது 38. கணவர் பெயர் டோனி. இருப்பிடம் முத்தியால்பேட்டை, புதுச்சேரி. தொழில் இட்லி மாவு அரைத்து விற்பது.

விசாரித்ததில் நான் சொல்வது: இந்த வருடம் பிப்ரவரியில், கடைகளுக்கு மாவு கொண்டுபோக ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினேன். ஷோரூம் மேலாளர் லூர்துபிரகாஷ் எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர் என்பதால் வண்டியை அவரே கோயிலுக்கு ஓட்டிவந்து ஒப்படைத்தார். பாதர் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தபோது, "டயர்லயும் நல்லா தெளிங்க பாதர்" என்று சொன்னவரும் அவர்தான்.

அதன் பிறகு ஒரு நாள், ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுத்த பிறகும் வண்டி தானாக முன்னால் பாய்ந்தது. ஷோரூமில் விட்டேன். சாஃப்ட்வேர் மாற்றியாகிவிட்டது என்று திருப்பிக் கொடுத்தார்கள். அதன் பிறகு பக்கத்து வீட்டு கரீமாக்காவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பெரிய மார்க்கெட் போய்த் திரும்பும்போது, சிக்னலில் நிற்பதற்காக பிரேக் பிடித்தேன். வண்டி நிற்காமல் பாய்ந்து மின்கம்பத்தில் மோதியது. எனக்குச் சிராய்ப்பு. கரீமாக்காவுக்குத் தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம், "நீ ஆக்சிலேட்டர முறுக்கிட்டியா ஜூலி? உண்மைய சொல்லு, நான் கோச்சிக்க மாட்டேன்" என்றார். இல்லை என்றேன். சரி என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு லூர்துபிரகாஷிடம் கேட்டதற்கு, தீர்த்தம் பட்டு ஒயரிங் போயிருக்கும், அதற்கு வாரண்டி கிடையாது என்றார். மழையில் ஓட்டலாம் என்று விற்ற வண்டி ஒரு கைத் தீர்த்தத்துக்கா கெட்டுப்போகும் என்று கேட்டேன். வக்கீல் செந்தமிழ்ச்செல்வி மூலம் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். வண்டியைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்தைக் கேட்டிருக்கிறோம், அதுவரை ஒரு திருகைக்கூட யாரையும் தொட விடாதே என்று வக்கீல் சொன்னார். இது தெரிந்த பிறகு லூர்துபிரகாஷ் என் வீட்டுக்கு வந்து, பழைய வண்டியைக் கொடுத்து, என் கவனக்குறைவால்தான் விபத்து என்று எழுதியும் கொடுத்தால் புது வண்டி தருவதாகச் சொன்னார். மறுத்தேன்.

நேற்றுக் காலை அவர் இரண்டு ஆட்களோடு வேனில் வந்து, சர்வீசுக்கு என்று சொல்லி வண்டியை எடுக்கப் பார்த்தார். நான் வண்டிமேல் ஏறி உட்கார்ந்தேன். என்னை இறக்கிவிட்டு வண்டியை வேனில் ஏற்றிவிட்டார்கள். அது போய்விட்டால் எனக்குச் சாட்சியே இல்லை. அதன் பிறகு நான் ஓடிப்போய் வேன் சாவியைப் பிடுங்கினேன். பிடுங்கியது உண்மை. மாவு டிரம்மில் போட்டதும் உண்மை. லூர்துபிரகாஷை அடித்தேன் என்று அவர் உங்களிடம் கொடுத்த புகாரில் இருப்பது பொய். அவர் போன் செய்து வந்த உங்கள் காவலர்தான் முழங்கை வரை கையை விட்டுச் சாவியை எடுத்து, வண்டியையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார். அந்த மாவை நான் விற்கவில்லை.

புது வண்டியை வாங்கிக்கொண்டால் என்மேல் கொடுத்த புகாரை வாபஸ் வாங்குவதாக லூர்துபிரகாஷ் இன்று ஸ்டேஷனுக்கு வெளியில் வைத்துச் சொன்னார். எனக்குச் சம்மதமில்லை. வண்டி உங்கள் காவலிலேயே இருக்கட்டும். பரிசோதனையில் வண்டிமேல் குறை இல்லை என்று வந்தால், கரீமாக்கா காலை ஒடித்தவள் ஜூலி என்று எழுதிக்கொள்ளுங்கள். அதிலும் கையெழுத்துப் போடுகிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஜூலி