ஓடாத லிஃப்டில் இருநூற்று நாற்பது மணி நேரம்

திங்கட்கிழமை பிடிக்கும் என்று சொல்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், மேடம். எனக்குப் பிடிக்கும். புது மாணவர்கள் சேர வருவது அன்றைக்குத்தான். தலையைப் படிய வாரி, தேய்த்த சட்டை போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ்களோடு வந்து நிற்பார்கள். கூடவே அம்மாவோ அண்ணனோ இருப்பார்கள். பத்து நிமிடம் என்னோடு பேசினால் போதும், முகம் மலர்ந்துதான் படி இறங்குவார்கள். அந்தத் தொழில்நுட்பக் கல்லூரியில் பதினோரு வருடம் என் வேலை அதுதான். சேர்க்கைக்கும் நானே, வேலைவாய்ப்புக்கும் நானே.

கல்லூரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாற்காலிக் கடைக்கு மேலே இரண்டு மாடி. ஒன்றில் ஏசி மெக்கானிக் வகுப்பு, இன்னொன்றில் லிஃப்ட் மெக்கானிக் வகுப்பு. லிஃப்ட் வகுப்புக்கு நிஜ லிஃப்டே வைத்திருந்தோம். பழைய கட்டடம் ஒன்றை இடித்தபோது முதலாளி வாங்கிப் போட்டது. கதவு திறக்கும், மூடும், உள்ளே விளக்கு எரியும். மேலே கீழே மட்டும் போகாது. போவதற்கு இடமேது, தலைக்கு மேலே கூரை. விளம்பரப் படத்தில் பார்த்தால் பிரமாதமாக இருக்கும்.

பாடம் நடத்தியவரை எல்லாரும் மாஸ்டர் என்போம். முப்பது வருடம் லிஃப்ட் வேலை பார்த்து, முட்டி தேய்ந்தபின் எங்களிடம் வந்தவர். நல்ல மனிதர், சிரிப்பில்தான் கொஞ்சம் கஞ்சம். மாணவர்களுக்கு லைசென்ஸ் கிடைக்க வேண்டுமென்றால், ஓடுகிற லிஃப்டில் இருநூற்று நாற்பது மணி நேரம் பயிற்சி எடுத்ததாக ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் மறுத்துவிட்டார்.

"ஓடாத பெட்டியக் காட்டி ஓடுதுன்னு கையெழுத்துப் போடச் சொல்றீங்களா? ஆள விடுங்க சார்."

விட்டேன். பெரிய மனிதர் மனசை ஏன் புண்படுத்த வேண்டும்? நானே போட்டுவிட்டேன். அவர் கையெழுத்து சுலபம். ஒரு சுழி, ஒரு இழுப்பு, கீழே இரண்டு புள்ளி. மூன்று வருடத்தில் அவரைவிட நன்றாகவே எனக்குக் கைவந்தது.

படித்து முடித்த எல்லாருக்கும் வேலை என்று வாசலில் பலகை மாட்டியிருந்தோம். அந்த வேலைகளையும் நான்தான் தயார் செய்வேன். மூன்று கம்பெனிப் பெயர், மூன்று தொலைபேசி எண். மூன்றிலும் பேசுவது என் மச்சினன். அவனுக்குப் பிறவியிலேயே மேனேஜர் குரல். அரசு ஆய்வுக்காரர்கள் யாராவது கூப்பிட்டால், "ஆமா சார், அந்தக் காலேஜ் பசங்க நாலு பேரு இங்கதான் இருக்காங்க, தங்கமான பசங்க" என்பான். ஒரு தடவை அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே என் மாமியார் பின்னாலிருந்து, "டேய், மாடில காயிற துணிய எடுத்துட்டு வாடா" என்று கத்திவிட்டார். இவன் அசரவில்லை. "ஃபாக்டரில சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி சார்" என்றானாம். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தோம்.

அப்புறம்தான் வழக்கு வந்தது. பயிற்சியும் இல்லை, வேலையும் இல்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று பழைய மாணவர்கள் நாற்பத்து மூன்று பேர் சேர்ந்து போட்டார்கள். அவர்களுக்குத் தலைவன் எங்கள் 'கேள்வி'. வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்பான் என்பதால் அந்தப் பெயர். வயது இருபத்தாறு. பகலில் வீடு வீடாகப் பார்சல் கொடுத்துவிட்டு மாலையில் வந்து படித்தவன். "சார், நம்ம லிஃப்ட் எப்ப சார் மாடி ஏறும்?" என்று முகத்தை அப்பாவிபோல வைத்துக்கொண்டு கேட்பான். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். நானும்தான்.

எங்கள் வக்கீல் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வழக்கோட உசுரே அந்தப் பையன்தான். அவன் விலகிட்டா மத்தவங்க தானா கலைஞ்சிடுவாங்க" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. பெருமையாகத்தான் இருந்தது.

பத்து நாள் அலைந்து நிஜமான கம்பெனி ஒன்றைப் பிடித்தேன். அலுவலகக் கட்டடங்களில் லிஃப்ட் பராமரிப்பவர்கள். அங்கிருந்த சூப்பர்வைசர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தனியா அனுப்பலாமா? கூட அனுப்ப எங்ககிட்ட ஆள் இல்ல."

"தாராளமா அனுப்புங்க. இருநூத்தி நாப்பது மணி நேரம் பயிற்சி எடுத்த பையன்" என்றேன். காகிதமும் அதைத்தான் சொன்னது.

எப்படியோ மாஸ்டர் காதுக்கு எட்டிவிட்டது. படிக்கட்டில் என்னை மறித்தார்.

"சார், பெட்டி மேல ஏறுறதுக்கு முன்னாடி நிறுத்துற சுவிட்சப் போடணும். வாயால சொல்லிக் குடுத்திருக்கேன், அவன் கையால செஞ்சதில்ல. நம்ம பெட்டிதான் எப்பவும் நின்னுகிட்டே இருக்கே. மறந்தான்னா மேல கூரையில வச்சு நசுக்கிடும். அனுப்பாதீங்க."

"கெட்டிக்காரப் பையன் மாஸ்டர், கவலைப்படாதீங்க" என்று தோளைத் தட்டினேன். அந்த வாரமே அவர் முட்டியைக் காரணம் காட்டி ஓய்வு கொடுத்தோம். பெரிய கேக்காகவே வாங்கினேன். அவர் தொடவில்லை.

வேலைக் கடிதத்தை நானே கேள்வியின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவன் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து கடிதத்தை வாங்கினார். பிரித்துக்கூடப் பார்க்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அக்கா பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய் ஐஸ்கிரீம் வாங்கி வந்தாள். அவனுக்குத்தான் கேட்காமல் இருக்க முடியாதே.

"சார், ஓடுற லிஃப்ட் மேல நான் ஏறினதே இல்லியே சார்?"

"போகப் போகப் பழகிடும்பா. உனக்கு நான் கெடுதல் செய்வேனா?"

வழக்கை வாபஸ் வாங்கும் மனு என் பையிலேயே இருந்தது. பேனாவும் என்னுடையதுதான். ஐஸ்கிரீம் உருகுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டான். வக்கீல் சொன்னபடியே மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த பத்தொன்பதாவது நாள், காலை பதினோரு மணி. ஏழு மாடி அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் பெட்டியின் மேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தான். சுவிட்சைப் போடவில்லை. ஏழாவது மாடியில் யாரோ பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, லிஃப்ட் வரட்டும் என்றுதானே அமுக்குவார்கள். வந்தது.

மறுநாள் காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க வேல வாங்கிக் குடுத்தீங்க, அவனுக்குத்தான் குடுத்து வைக்கல" என்று அழுதார். எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

மதியம் கல்லூரிக்குத் திரும்பி, பழைய வருகைப் பதிவேட்டில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் தேடி எடுத்தேன். 'ஓடும் லிஃப்டில் பாதுகாப்புப் பயிற்சி' என்று தலைப்புப் போட்டு, போன வருடத்துத் தேதி ஒன்றை எழுதினேன். வழக்குப் போட்ட மற்ற நாற்பத்திரண்டு பேரும் வந்ததாகக் குறித்தேன். அவன் பெயருக்கு நேரே மட்டும், வரவில்லை. கீழே ஒரு சுழி, ஒரு இழுப்பு, இரண்டு புள்ளி. கல்லூரி ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தது, அவன்தான் மட்டம் போட்டான் என்று ஆகிவிடும். போய்ச் சேர்ந்தவனுக்கு அதனால் என்ன நஷ்டம், சொல்லுங்கள்.

நாற்பத்திரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அப்படி ஒரு வகுப்பே நடக்கவில்லை என்று ஒருவர் விடாமல் சொன்னார்களாமே. உங்கள் உழைப்பைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கையெழுத்தை வைத்து நீங்கள் மாஸ்டரைப் பிடித்து வைத்திருப்பது சரியில்லை, மேடம். அந்த முட்டியோடு அவரால் தரையில் உட்கார முடியாது. அதனால்தான் நானாகவே வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துகள் எல்லாம் என்னுடையவை. பதிவேட்டுப் பக்கம் நான் எழுதியது. அவனுக்கு அந்த வேலை தெரியாது என்பதும், தனியாகப் போனால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துதான் அனுப்பினேன்.

கடைசியில் இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், அவன் அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும். பதினோரு வருடத்தில் நான் நிஜமாகவே வேலை வாங்கிக் கொடுத்தது அவன் ஒருவனுக்குத்தான். அவனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.