பொறுப்பாளர் பட்டியலில் அண்ணன் பேர்

ராமநாதபுரத்திலிருந்து தங்கச்சிமடம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுப் பெண் தோழியிடம் சொன்னாள்: "பொறுப்பாளர் பட்டியல்ல அண்ணன் பேரை எடுத்துடலாமான்னு வெளிநாட்டுல இருந்து கேட்டிருக்காங்க."

"என்ன பட்டியல்டி?"

"தனித்தனி கம்ப்யூட்டர்ல ஓடுற புரோகிராமை ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கிற சாப்ட்வேர். அது பழைய மெஷின்லயும் ஓடுற மாதிரி அண்ணன்தான் காசு வாங்காம எழுதிக் குடுத்துச்சு. அதைப் பாத்துக்கிறவங்க பட்டியல்ல அண்ணன் பேரும் இருக்கு. கடலுக்குப் போகாத நாள்ல உக்காந்து எழுதும். இப்ப அதுல ஏதோ கோளாறாம். ஆறு மாசமா அண்ணன்கிட்ட இருந்து பதிலே இல்லையாம்."

"படகு கவுந்ததைச் சொல்லிட்டியா?"

"உடம்பு கிடைக்காம சர்ச்சுல அடக்கப் பூசை வைக்க மாட்டேன்னு அம்மா நிக்குது. நான் எப்படிச் சொல்லுவேன்?"

"அப்ப என்னதான் எழுதுன?"

பஸ் பாலத்தில் ஏறியிருந்தது. அவள் கடல் பக்கம் திரும்பவில்லை.

"கடலுக்குப் போயிருக்கு, வந்ததும் பாக்கும்னு எழுதிட்டேன்."