ஒரே பேருக்குத் திறக்கிற புத்தகம்

– இல்லீங்க அண்ணி. நேத்தே அழிஞ்சு போச்சுங்க.

– எப்படி அழியும் செழியன்? கேம் ஓடிட்டுதானே இருக்கு.

– ஓடுதுங்க. இதா, இந்த கராஜ்லதான் சர்வரே இருக்குது. லைப்ரரில மத்த முந்நூறு புத்தகமும் பத்திரமா இருக்குது. வேலு அண்ணா உங்களுக்கு எழுதினது மட்டுந்தான்...

– படமே கிடையாது, வெறும் எழுத்து. டைப் பண்ணி டைப் பண்ணி விளையாட ஒரு கேம். அதுக்குள்ள படிக்கப் புத்தகம். பதினஞ்சு வருஷம் அண்ணனும் தம்பியுமா கட்டினீங்க. ஒரு புத்தகத்தைக் காப்பாத்தத் துப்பில்ல.

– திட்டுங்க அண்ணி. ஆனா அந்த ரூல் அண்ணா போட்டதுங்க. ஒரு வருஷம் யாருமே திறக்கலேன்னா கேமே புத்தகத்தை அழிச்சிரும். சர்வர்ல இடம் பத்தாத காலத்துல எழுதின ப்ரோக்ராம்.

– நீங்க ஒரு தடவை திறந்திருக்கலாமே.

– முடியாதுங்க. உங்க பேர்ல லாகின் பண்ணினா மட்டுந்தான் திறக்கும். கீமோ ஏறிட்டு இருக்கறப்ப, மடில லேப்டாப்பை வச்சுட்டு அப்படி ப்ரோக்ராம் பண்ணினாரு. நாப்பது பக்கம். நான் எட்டிப் பாத்தா மூடிக்குவாரு. அவர் காரியமெல்லாம் முடிஞ்சு நாந்தான் லைப்ரரில வச்சேன்.

– அப்போ ரூலை நிறுத்தி வச்சிருக்கலாம்.

– லைப்ரரில வச்ச அன்னிலேர்ந்து, இந்த ஒரு வருஷக் கெடுவையும் சொல்லி உங்களுக்கு மூணு மெயில் போட்டேனுங்களே. போன மாசம் லிவர்மோர் கோயில்ல, வருஷத் திதி அன்னிக்கு, நேர்லயே கேட்டேன். தலையாட்டினீங்க. படிச்சிட்டீங்கன்னு இருந்துட்டேன்.

– புருஷன் திதி அன்னிக்கு ஒரு பொம்பளை தலையாட்டினா, அதைப் போய் பதில்னு எடுத்துப்பீங்களா?

– தப்புத்தானுங்க.

– பேக்கப்?

– அண்ணா வேண்டாம்னுட்டாரு. 'இந்த ஒண்ணை மட்டும் பேக்கப்ல சேக்காத, இது செல்விக்கு'ன்னாரு.

– அவர் லேப்டாப்ல?

– அதை டொனேட் பண்ணணும், எல்லாத்தையும் துடைச்சுக் குடுங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. நாந்தான் துடைச்சேன்.

– எனக்குத் தெரியாம ஒரு காப்பி வச்சிருப்பீங்க. அவர் மேல உயிரா இருந்தவராச்சே நீங்க.

– என் பொண்ணு மேல சத்தியமுங்க. ஒரு வரி இல்ல. சாகக் கெடந்த மனுசன், விரல் மரத்துப் போயும் உங்களுக்காக எழுதினது. பத்திரமாப் பாத்துக்கடான்னு எங்கிட்டக் குடுத்த ஒரே வேலை அண்ணி, ஒரே வேலை...

– அழாதீங்க. உள்ள உங்க வைஃபுக்குக் கேக்கும். இன்னொரு தடவை சொல்லுங்க. எங்கயுமே இல்ல. யாராலயும் எடுக்க முடியாது.

– முடியாதுங்க. என்னை மன்னிச்சிருங்க அண்ணி.

– மன்னிக்க ஒண்ணுமில்ல. முந்நூத்தறுபத்தஞ்சு நாளும் காலண்டர்ல அடிச்சு அடிச்சுத்தான் இன்னிக்கு வந்திருக்கேன். பன்னெண்டு வருஷம் பெட்ரூம் கதவைச் சாத்திட்டு அவர் என்னைப் பேசின பேச்சே எனக்குப் போதும் செழியன். இன்னும் நாப்பது பக்கம் வேண்டாம்.